ஒழுகும் மைப் பேனாவில் காற்று எங்கே நுழைகிறது?

கன்வர்ட்டர் (மையை உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும், கழற்றி மாட்டக்கூடிய சிறு குழல்) பொருத்திய மைப் பேனா ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறீர்கள். ஒருநாள் நிப்பையும் அதன் அடியிலிருந்து அதற்கு மை ஊட்டும் நாக்கட்டையையும் வெளியே எடுத்து நன்றாகக் கழுவித் திரும்பப் பொருத்தினீர்கள். அன்றிலிருந்து மூடியைக் கழற்றும்போதெல்லாம் விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியின் முன்விளிம்பில் மை வளையமாகப் படிந்திருக்கிறது. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் எழுதிக்கொண்டிருக்கும்போதே சொட்டும் விழுகிறது. மையை மாற்றிப் பார்த்தீர்கள், உடற்குழலின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியும் பார்த்தீர்கள், பயனில்லை. எந்தப் பசையால் அடைத்தால் ஒழுக்கு நிற்கும் என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் எங்கே அடைப்பது என்று தெரியாமல் எதனால் அடைப்பது என்று முடிவு செய்ய இயலாது. ஆகவே உங்களுக்கு உண்மையில் வேண்டியது ஒழுக்கின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் முறை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பசையைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்து முடிக்கும்வரை எந்தப் பசைக் குப்பியையும் திறக்காதீர்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேனாக்களைப் பழுதுபார்த்து வருகிறேன். ஒழுகியே பாழான பேனா என் மேசைக்கு வந்தது அரிது, ஒழுக்கை நிறுத்தப் போட்ட பசையால் பாழான பேனாக்களோ நிறைய வந்திருக்கின்றன.

பேனா ஏன் ஒழுகுகிறது என்று கேட்பதைவிட, அது இத்தனை நாள் ஏன் ஒழுகாமல் இருந்தது என்று கேட்பது பயன் தரும். நிப் கீழ்நோக்கி இருக்கும்போது மை முழுவதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, கீழே வழி திறந்தே இருக்கிறது, ஆனாலும் கொட்டுவதில்லை. உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் விட்டு, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் உள்ளேயே நிற்குமே, அதே கதைதான் இங்கும். மைக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றே குறைவாக இருக்கிறது. அந்த வேறுபாடும், நாக்கட்டையின் குறுகிய வாய்க்கால்களில் செயல்படும் தந்துகிக் கவர்ச்சியும் (நுண்ணிய இடைவெளி நீர்மத்தைத் தன்பால் இழுத்துப் பிடிக்கும் இயல்பும்) சேர்ந்து மையைத் தாங்குகின்றன. எழுதும்போது காகிதம் மையை இழுக்கிறது. இறங்கிய மையின் அளவுக்கு ஈடான காற்று, நாக்கட்டை வழியாகவே சிறு குமிழிகளாக மேலேறி அந்த இடத்தை நிரப்புகிறது. அமெரிக்கப் பேனா தயாரிப்பாளர் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற நாக்கட்டை செய்ததும் இதைத்தான்: வாய்க்காலின் அடித்தளத்தில் மெல்லிய பிளவுகளைக் கீறி, மை இறங்கவும் காற்று ஏறவும் ஒரே பாதையில் இடம் ஏற்படுத்தியது. ஒப்பந்தத் தாளின் மீது மை கொட்டிய கோபத்தில் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது; கதையாக நன்றாகத்தான் இருக்கிறது, வரலாறாக அதை நான் சொல்ல மாட்டேன்.

மேலே சொன்ன அழுத்த வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். 4 செ.மீ. உயரமுள்ள மைத் தண்டைத் தாங்குவதற்கு வேண்டிய வேறுபாடு, வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் 4 பங்கு மட்டுமே. இவ்வளவு மெல்லிய பிடிமானத்தைக் குலைப்பதற்குப் பெரிய ஓட்டை தேவையில்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத மயிரிழை விரிசலோ, கன்வர்ட்டரின் வாய் கொஞ்சம் தளர்ந்திருப்பதோ போதும். காற்று தவறான இடத்தில் உள்ளே நுழைகிறது. மையோ சரியான இடமான நிப் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஆகவே ஈரம் தெரியும் இடத்தை அடைப்பது பெரும்பாலும் வீண்வேலை. டெஃப்லான் டேப் உங்களுக்கு உதவாததற்குக் காரணமும் இதுவே. கன்வர்ட்டர் வைத்த பேனாவில் உடற்குழல் வெறும் உறைதான். மையை அடைத்து வைப்பது கன்வர்ட்டரும் கழுத்தும் மட்டுமே. உறையின் மரையை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே நடப்பது மாறாது. அதோடு, டேப்பைத் தடிமனாகச் சுற்றி முறுக்கினால் பிளாஸ்டிக் மரை விரியும், சில சமயம் பிளந்தும் விடும். இப்போதே அதை உரித்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தபடியாக, மை தெரிவதெல்லாம் ஒழுக்கு அல்ல. நிப்பின் மேற்பரப்பில், நடுப்பிளவை ஒட்டி மை மெல்லிய படலமாகப் பரவியிருந்தால், அது அந்த மைக்கும் அந்த உலோகத்துக்கும் இடையிலுள்ள ஒட்டுறவு. துடைத்தாலும் சில நிமிடங்களில் திரும்ப வரும். பழுது என்று அதைக் கருத வேண்டியதில்லை. பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியிருந்தாலோ, மேசையிலிருந்து ஒருமுறை விழுந்திருந்தாலோ மூடிக்குள் மை தெறித்துக் காய்ந்திருக்கும். அதன்பின் மூடும் ஒவ்வொரு முறையும் கழுத்தின் முன்விளிம்பு அந்த மையில் தோய்ந்து வெளிவரும். மூடியைக் கழுவாமல் பேனாவை மட்டும் கழுவிவிட்டு, இன்னும் ஒழுகுகிறதே என்று வருந்துபவர்கள் ஏராளம். இன்னொன்றும் உண்டு: காற்றுப்புகாமல் இறுக மூடும் மூடியைச் சடக்கென்று இழுத்தால், ஒரு நொடி அது பிஸ்டனைப் போல நாக்கட்டையிலிருந்து மையை உறிஞ்சிவிடும். மெதுவாகத் திறந்தாலே இது நின்றுபோகும். பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து மூடியின் உட்புறத்தை நிறம் வராமல் போகும்வரை துடைத்து உலர்த்துங்கள். மற்ற சோதனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் பேனாவில் சொட்டும் விழுவதால் மூடி மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனாலும் சோதனையைக் குழப்பும் ஒன்றை முதலில் விலக்கிவிடுவது நல்லது.

சோதனைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பேனாவைக் காலி செய்து, அறை வெப்பத்திலுள்ள தண்ணீரால் கழுவி, ஓர் இரவு முழுக்க உலரவிடுங்கள். கன்வர்ட்டரின் பின்முனையில் ஒரு டிஷ்யூத் துண்டு, கன்வர்ட்டரும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒன்று, கழுத்தின் முன்விளிம்பைச் சுற்றி ஒன்று என்று மூன்றை மெல்லிய நூலால் கட்டுங்கள். முன்விளிம்பில் கட்டுவது நிப்பையோ நாக்கட்டையையோ தொடக் கூடாது, தொட்டால் காகிதமே மையை உறிஞ்சி எடுத்துப் பொய்ச் சாட்சி சொல்லும். எளிதில் கழுவக்கூடிய நீல மையைக் கன்வர்ட்டரில் பாதியளவு நிரப்பி, உடற்குழலை மாட்டாமல், நிப் கீழ்நோக்கி இருக்குமாறு ஒரு கண்ணாடிக் குவளையில் சாய்த்து வையுங்கள். நிப்பின் முனை எதன்மீதும் படாதிருக்கட்டும். வெயிலும் காற்றாடியும் படாத இடமாகப் பார்த்து, மணிக்கு ஒருமுறை பாருங்கள். எத்தனை துண்டு நனைந்தன என்பதைவிட எது முதலில் நனைந்தது என்பதே முக்கியம். முதலில் பின்முனை நனைந்தால் கன்வர்ட்டரின் உள்முத்திரை, அதாவது சுவரோடு இறுகப் படிந்து அடைக்கும் பிஸ்டன் விளிம்பு, தேய்ந்திருக்கிறது. நடுத்துண்டு முதலில் நனைந்தால் கன்வர்ட்டரின் வாய் தளர்ந்திருக்கிறது. முன்விளிம்பு மட்டும் நனைந்தால் கழுத்தில் விரிசலோ, நிப்பும் நாக்கட்டையும் சரியாக அமராததோ காரணமாகலாம். எதுவும் நனையாமல் நிப்பின் முனையில் மட்டும் சொட்டு திரண்டு விழுந்தால், காற்று எங்கோ நுழைகிறது, மை அங்கே வெளிவரவில்லை என்று பொருள். துண்டுக் காகிதச் சோதனை அந்த ஒரு நிலையில் கைவிரித்துவிடும். அப்போது அடுத்த இரண்டு சோதனைகளும் தேவைப்படும்.

முதலாவது கன்வர்ட்டருக்கு உரியது. அதைத் தனியே எடுத்து, திருகுபிடியைச் சுற்றி உள்ளிருக்கும் பிஸ்டனை வாய் அருகே கொண்டுவந்து, வாயை விரல்நுனியால் இறுக அடைத்துக்கொண்டு, பிஸ்டனைப் பின்னால் இழுங்கள். நல்ல கன்வர்ட்டரில் விரலின் தோல் உள்ளே உறிஞ்சப்படுவதை உணரலாம். அரை நிமிடம் கழித்து விரலை எடுத்தால் காற்று சட்டென்று உள்ளே பாயும் ஒலியும் சிலவற்றில் கேட்கும். உறிஞ்சும் உணர்வே இல்லாவிட்டாலோ, சில நொடிகளில் மறைந்துவிட்டாலோ முத்திரை போய்விட்டது. பிஸ்டனின் விளிம்பில் மிகக் குறைவாக, ஊசிமுனையில் நிற்கும் அளவுக்கு, தூய சிலிக்கோன் கிரீஸ் தடவிச் சிலமுறை மேலும் கீழும் ஓட்டினால் பல கன்வர்ட்டர்கள் மீண்டுவிடும். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். இயற்கை ரப்பரை அது ஊதிப் பெருக்கச் செய்து கெடுக்கும். கிரீஸ் எதுவானாலும் நாக்கட்டையிலோ நிப்பின் பிளவிலோ பட்டால் மை ஓட்டமே தடைப்படும் என்பதால் கையைத் துடைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். வாய் தளர்ச்சிக்கு இப்படி எளிய வைத்தியம் இல்லை. கன்வர்ட்டரை அடிக்கடி பிடுங்கி மாட்டும்போது பிளாஸ்டிக் வாய் மெல்ல விரிகிறது. கழுத்துக்குள்ளிருக்கும் முலைபோன்ற குழாயை அது முன்போல் கவ்வுவதில்லை. வேறு நிறுவனத்தின் கன்வர்ட்டரை மாட்டியிருந்தால், பார்வைக்குப் பொருந்தினாலும் அளவில் கொஞ்சம் வேறுபட்டிருக்கலாம். இதை உறுதிசெய்யும் வழி மிக எளிது: அந்தப் பேனாவுக்கென்றே விற்கப்படும் புதிய கார்ட்ரிட்ஜ் (மை அடைத்தே வரும் சிறு குழல்) ஒன்றைக் குத்தி, இரண்டு நாள் எழுதிப் பாருங்கள். ஒழுக்கு நின்றுவிட்டால் குற்றவாளி கன்வர்ட்டர்; புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், வேறெதையும் தொட வேண்டியதில்லை. நிற்காவிட்டால் கன்வர்ட்டர் நிரபராதி. ஒரே கல்லில் அடிபடும் இந்தச் சோதனையை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். கார்ட்ரிட்ஜ் எல்லாப் பேனாக்களுக்கும் கிடைப்பதில்லை, விரல் எல்லோரிடமும் இருக்கிறது.

இரண்டாவது சோதனை கழுத்துக்கு. மருந்துக்கடையில் கிடைக்கும், காது கழுவப் பயன்படும் சிறிய ரப்பர் பல்பை எடுத்து, அதன் மூக்கைக் கழுத்தின் பின்துளையில் இறுகப் பொருத்துங்கள். நிப்போடு கழுத்து முழுவதையும் தெளிந்த தண்ணீருக்குள் அமிழ்த்தி, பல்பை மிக மெதுவாக அழுத்துங்கள். நாக்கட்டையின் முன்பகுதியில் குமிழிகள் வருவது இயல்பு. கழுத்தின் நடுவிலோ, உலோக வளையத்தின் அடியிலோ, மரைகளுக்கு இடையிலோ ஒரு குமிழி திரண்டு எழுந்தால், அங்கே விரிசல் இருப்பது உறுதி. முன்விளிம்பில், நிப்பும் கழுத்தும் சேரும் இடத்தில் எழும் குமிழிகளைப் பற்றி மட்டும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அவை இயல்பான பாதையிலிருந்து பக்கவாட்டில் நழுவி வந்தவையாகவும் இருக்கலாம், விளிம்பிலேயே தொடங்கும் விரிசலிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்க்கக் கழுத்தை உலர்த்தி, பிரகாசமான விளக்கின் கீழே 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால், மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். விரிசல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே வெள்ளிக் கோடாக மின்னும். நேராக நோக்கினால் தெரியாது. அதற்குள் மை ஊறி உலர்ந்திருந்தால் நிறமிட்ட கோடாகவே தெரியும். அது நமக்குச் சாதகம்.

இனி, உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகிக்கும் இடத்துக்கு வருகிறேன். பிரித்துப் பொருத்திய அன்றிலிருந்தே ஒழுக்கு தொடங்கியது என்பது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. நிறைந்திருக்கும்போது சொட்டாமல், மை குறைந்த பிறகே சொட்டுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. பெரிய ஓட்டை இருந்தால் நிறைந்த பேனாவும் ஒழுகும். பாதிக்குக் கீழே வந்தபின் மட்டும் சொட்டும் பேனாவில், உள்ளிருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து தள்ளும் மையை நாக்கட்டை தாங்கிக்கொள்ளவில்லை என்றே முதலில் நினைக்கத் தோன்றும். நாக்கட்டையின் அடியில் சீப்புப் பற்களைப் போல வரிசையாக இருக்கும் செதில்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. மிகுதியாக வரும் மையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் கிடங்கு அது. பல பேனாக்களில் அந்தச் செதில்கள் கழுத்துக்குள் மறைந்திருக்கும். நாக்கட்டை ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலோ, சற்றுக் கோணலாகத் திரும்பியிருந்தாலோ, நிப்புக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருந்தாலோ கிடங்கு இருந்தும் பயனில்லை; மை அந்த இடைவெளியில் தேங்கி, கழுத்தின் விளிம்புக்குப் பரவி, வளையமாகப் படிகிறது.

திரும்பப் பொருத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வேலையில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். நிப்பையும் நாக்கட்டையையும் மெல்லிய ரப்பர்த் துண்டால் பிடித்து, முனையைத் தொடாமல், திருகாமல், நேராக இழுத்து எடுங்கள். வராவிட்டால் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு மீண்டும் முயலுங்கள். சில பேனாக்களில் இவை தனியே ஒரு சிறு உறைக்குள் அமர்ந்து மரையால் கழன்று வரும்; அவற்றை இழுக்கக் கூடாது, திருக வேண்டும். எடுத்ததும் நாக்கட்டையின் அடிப்பகுதியையும் கழுத்தின் உட்துளையையும் பாருங்கள்: துளையில் ஒரு பக்கம் தட்டையாகவோ, சிறு மேடு உள்ளதாகவோ இருந்தால், நாக்கட்டை ஒரே ஒரு திசையில் மட்டுமே முழுமையாக உள்ளே போகும் என்பதற்கு அடையாளம். அந்தத் திசையைத் தவறவிட்டு வலுவந்தமாகத் தள்ளினால் அது முக்கால் பங்கு போய் நின்றுவிடும்; இன்னும் தள்ளினால் கழுத்து பிளக்கும். செதில்களுக்கு இடையில் மென்மையான பழைய பல்துலக்கியால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைக் கொண்டு தேயுங்கள். துடைத்த துணியின் ஒரே ஒரு இழை வாய்க்காலில் சிக்கியிருந்தாலும் அது திரிபோல மையை வெளியே இழுத்துவரும். பிறகு நிப்பை நாக்கட்டையின்மீது வைத்து, நிப்பின் பிளவும் நாக்கட்டையின் நடு வாய்க்காலும் ஒரே கோட்டில் வருமாறு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக, தடை உணரும்வரை நேராகத் தள்ளுங்கள். பக்கவாட்டில் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நிப்புக்கும் நாக்கட்டைக்கும் இடையே ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால், நாக்கட்டை எபோனைட்டால் ஆனதா பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்து அடுத்த நடவடிக்கை மாறும். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரையிலான வெந்நீரில் நாக்கட்டையை அரை நிமிடம் தோய்த்து, நிப்போடு சேர்த்து மெல்ல அழுத்திப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டினால் அந்த வடிவிலேயே நிற்கும். கழுத்தும் உடலும் அந்த வெந்நீரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் நாக்கட்டைக்கு இந்த முறை ஒத்துவராது. அதில் இடைவெளி இருந்தால் நிப் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் இணையாக விற்கப்படும் நிப்-நாக்கட்டைத் தொகுதியை மாற்றிவிடுவதே நேர்வழி.

வெப்பத்தைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு கணக்கு. 20 டிகிரியில் இருந்த காற்று 37 டிகிரிக்குச் சூடானால் அதன் பருமன் கிட்டத்தட்ட 6 விழுக்காடு கூடும். மையின் மேலிருக்கும் ஈரக்காற்றில் நீராவியின் அழுத்தமும் உயர்வதால் மொத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு. கன்வர்ட்டரில் அரை மில்லிலிட்டர் காற்று இருந்தால், அது தள்ளும் மை ஒரு சொட்டு. நல்ல நாக்கட்டை அந்த ஒரு சொட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளும். கன்வர்ட்டர் இல்லாமல் உடற்குழலிலேயே நேரடியாக மை ஊற்றும் பேனாவில் 2 மில்லிலிட்டர் காற்று இருக்கும்போது வெளியேறத் துடிப்பது நான்கு சொட்டு. அதை எந்த நாக்கட்டையாலும் எளிதில் சமாளிக்க முடியாது. அத்தகைய பேனாக்கள் கடைசி மூன்றிலொரு பங்கு மையில் சொட்டுவது அவற்றின் இயல்பு, நிரப்பிவிடுவதே மருந்து. உடல்வெப்பத்தால் வரும் இத்தொல்லை மிகப் பழையது: 1894இல் பேனா தயாரிப்பாளர் ஜார்ஜ் பார்க்கர் காப்புரிமை பெற்ற வளைந்த நாக்கட்டை, பேனாவைப் பையில் நிமிர்த்தி வைத்ததும் நாக்கட்டையில் தங்கிய மையை உட்சுவர் வழியே திரும்ப வடியச் செய்து, சூட்டில் விரியும் காற்று தள்ளுவதற்கு அங்கே மை இல்லாமல் ஆக்குவதற்காகத்தான். விமானத்தில் நிலைமை இன்னும் கடுமை. பயணிகள் அறைக்குள் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்காகக் குறையலாம், அப்போது காற்று மூன்றிலொரு பங்கு விரிகிறது. முழுக்க நிரப்பி நிப்பை மேல்நோக்கி வைத்திருப்பது, அல்லது முழுக்கக் காலியாக எடுத்துச் செல்வது இரண்டில் ஒன்று. பாதி நிறைந்த பேனாவோடு ஏறக் கூடாது.

விரிசல் உறுதியாகிவிட்டால் என்ன செய்வது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: கழுத்தை மாற்றுங்கள். தொழில் தொடங்கிய புதிதில், வாடிக்கையாளர் ஒருவரின் கழுத்து விரிசலில் நொடியில் ஒட்டும் பசையை நூலிழை போல விட்டேன். ஒட்டியது உண்மை. ஆனால் அதன் ஆவி கழுத்து முழுவதும் வெண்படலமாகப் படிந்தது. ஒரு துளி உள்ளே ஊர்ந்துபோய் நாக்கட்டையை நிரந்தரமாகப் பூட்டிவிட்டது. மூன்று வாரத்தில் விரிசல் பசையின் ஓரமாகவே மறுபடி நீண்டது. அவருக்கு வேறு பேனா வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக்கின் வகைக்கேற்ற கரைப்பானால் விரிசலின் இரு கரைகளையும் இளக்கி ஒன்றாக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதுவே முறையான பழுதுபார்ப்பு. ஆனால் பிளாஸ்டிக் எதுவென்று தவறாகக் கணித்தால் கழுத்து முழுவதும் உருகிக் குழையும் என்பதால், கைப்பழக்கம் உள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது. பழைய பேனாக்களில் கழுத்தையும் உடலையும் இணைக்க அவலரக்கை (ஷெல்லாக்கை) சாராயத்தில், அதாவது ஆல்கஹாலில், கரைத்துப் பூசுவார்கள். இளஞ்சூட்டில் இளகி, பின்னாளில் பிரிக்க இடம் கொடுக்கும் குணத்துக்காகவே அதைத் தேர்ந்தார்கள். அது இணைப்புக்கு உரிய பொருள், விரிசலுக்கு அல்ல.

கழுவும் திரவங்களில் ஓர் எச்சரிக்கை. உறைந்த மையைக் கரைக்க, வீட்டு அம்மோனியாவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பயன்படுத்துவதுண்டு. ஆனால் அது அவலரக்கைக் கரைத்துவிடும் என்பதால், அரக்கால் இணைத்த பேனாவில் நீங்களே ஒழுக்கை உண்டாக்கியவர்களாவீர்கள். சாராயம் அக்ரிலிக்கையும் செல்லுலாய்டையும் தாக்கும். பால்புரதமான கேசீனால் செய்த பழைய பேனாக்களைத் தண்ணீரில் ஊறவிட்டாலே ஊதி உருக்குலையும். மையைப் பொறுத்தவரை, சில மைகள் இளகலாக ஓடி நிப்பை அதிகம் நனைக்கும், அவ்வளவே. நல்ல நிலையிலுள்ள பேனாவை மை மட்டும் ஒழுகவைத்து நான் பார்த்ததில்லை. ஓவியர்கள் தூரிகைக்குப் பயன்படுத்தும் அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை மட்டும் உள்ளே விடாதீர்கள். உலர்ந்தபின் அதை எடுக்க முடியாது.

ரப்பர்ப் பை வைத்த பழைய பேனாவோ, பிஸ்டன் பேனாவோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு வழி சற்று மாறும். ரப்பர்ப் பை பழசானால் ஒன்று உடையும் அளவுக்கு இறுகும், அல்லது தார்போல் உருகும். ஒட்டுப் போடும் பேச்சே கிடையாது, புதிதாக மாற்ற வேண்டும். அந்தப் பைகளின் அளவு எண், ஓர் அங்குலத்தை 64 ஆகப் பிரித்த கணக்கில் விட்டத்தைக் குறிக்கும். 16 என்றால் 16/64 அங்குலம், அதாவது கால் அங்குலம். பிஸ்டன் பேனாவில் பிஸ்டனுக்குப் பின்னால் மை தெரிந்தால் முத்திரை தளர்ந்திருக்கிறது. சிலிக்கோன் கிரீஸ் தடவியும் நிற்காவிட்டால் அது பழுதுபார்ப்பவரின் வேலை.

உங்கள் பேனாவைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவே: நாக்கட்டை சரியாக அமரவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம், அடுத்தது கன்வர்ட்டரின் வாய், மூன்றாவதாக, பொருத்தும்போது தள்ளிய வேகத்தில் கழுத்தின் முன்விளிம்பில் விழுந்த விரிசல். இந்த மூன்றாவது ஐயம் இருப்பதால், மறுபடி பொருத்துவதற்கு முன்பே வெறும் கழுத்தை லென்ஸால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விரிசல் இருந்தும் நிப்பைத் தள்ளினால் அது இன்னும் நீளும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் எழுதிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மையையும் டேப்பையும் ஒரே நாளில் மாற்றியதால்தான் எது பயன் தரவில்லை என்பதுகூட உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. எல்லாம் செய்தும் முன்விளிம்பில் வளையம் வந்தால், மூன்று காகிதத் துண்டுகளில் எது எத்தனை மணி நேரத்தில் நனைந்தது என்றும், கார்ட்ரிட்ஜ் போட்டபோது என்ன நடந்தது என்றும் குறித்து எழுதுங்கள். அந்த இரண்டு குறிப்புகள் இருந்தால் அடுத்து எந்த உறுப்பை மாற்றச் சொல்வது என்பதை இங்கிருந்தே ஓரளவு சொல்லிவிட முடியும்.